நூறு கிராமுக்கு 412

1

இந்தக் கதை ஒரு காலி முறுக்குப் பொட்டலத்திலிருந்து வந்தது. இன்னும் உயர்ந்த இடத்திலிருந்து வந்ததாகச் சொல்லத்தான் ஆசை. 'மாமல்லபுரத்துக் கல்லில் காலம் உறைந்து நின்ற அந்த மாலையில்—' என்று தொடங்கியும் பார்த்தேன். வேண்டாம். அந்த மாலையில் நான் முறுக்குத் தின்றுகொண்டிருந்தேன். தீர்ந்ததும் பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படித்தேன்.

2

நாயகர் பார்த்தசாரதி. வருடம் 2009. கல்பாக்கம் குடியிருப்பில் வசிக்கும் விஞ்ஞானி. மூன்றாவது தசமம் தப்பினால் உதவியாளருக்கு மெமோ கொடுப்பவர். (இப்படி ஒருவர் இருப்பாரா என்று எனக்கே சந்தேகம். கல்பாக்கத்து நண்பரைக் கேட்டேன். "ஒருத்தரா?" என்றார்.)

தொண்ணூற்றொரு கிலோ இருந்தவர், நான்கே மாதத்தில் எண்பத்துநான்குக்கு இறங்கியிருந்தார். தின்னும் ஒவ்வொன்றையும் தராசில் வைப்பார், பொட்டலத்தில் அச்சிட்ட கலோரியால் பெருக்குவார், நோட்டில் எழுதுவார். வீட்டு இட்லியை ஒதுக்கிவிட்டார். அதன்மேல் எண் இல்லை.

"என் இட்லிக்கும் ஸ்டிக்கர் ஒட்டித் தரட்டுமா?" என்றாள் மனைவி லதா.

ஞாயிறன்று குடியிருப்பு மன்றத்தில் 'அறிவியல் முறையில் உண்ணுதல்' என்று அவருடைய சொற்பொழிவு, வரைபடத்தோடு. பெரிய அதிகாரி தலைமை. நோட்டீஸ் ஒட்டியாயிற்று.

3

வெள்ளிக்கிழமை, மேடையில் காட்டுவதற்காக முறுக்கு, ரஸ்க், கடலை உருண்டைப் பொட்டலங்களை வரிசையாக அடுக்கினார். மூன்றிலும் நூறு கிராமுக்கு 412 கலோரி. மூன்றும் திருக்கழுக்குன்றம் ஜெயினுலாபுதீன் பாய் கடைத் தயாரிப்பு. நான்கு மாதத்து நோட்டில் பாதி இந்த மூன்றுதான்.

இத்தனை நாள் கவனிக்கவில்லையா என்பீர்கள். தினமும் கவனித்தார், பெருக்கினார். சந்தேகப்படத்தான் நேரமில்லை.

ஸ்கூட்டரை எடுத்தார், நேரே பாய் கடைக்கு.

"பாய், முறுக்குக்கும் ரஸ்க்குக்கும் எப்படி ஒரே கலோரி?"

"ரெண்டும் நம்ம கடை சரக்குதான சார்."

"யார் அளந்தது?"

"அளக்கறதா? கவர் அடிக்கிற பிரஸ்ல ரெடியா வச்சிகினு கீறான் சார். பேரை மட்டும் மாத்துவான். உங்களுக்குக் கம்மியா வேணும்னா சொல்லுங்க, கம்மியா அடிச்சிடலாம்."

பார்த்தசாரதி ஒரு பொட்டலத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா சார், பேஜாராயிட்டீங்க? நீங்க சயின்டிஸ்ட்டு. கரெக்டா ஒரு நம்பர் சொல்லுங்க, அடுத்த லாட்டுல அதையே போட்டுடறேன்."

[இங்கே உண்மை குறித்து ஒரு பத்தி எழுதியிருந்தேன். பத்திரிகை நானூறு சொல் கேட்டதால் எடுத்துவிட்டேன். நானூறு என்று மேலே குறித்தும் அனுப்பியாயிற்று, யார் எண்ணப்போகிறார்கள்?]

4

அப்படியானால் ஏழு கிலோ எங்கே போனது? ஸ்கூட்டரில் திரும்பும்போது புரிந்தது. ஒரு முறுக்கு தின்னத் தராசை இறக்கவேண்டும், கண்ணாடி தேடவேண்டும், பெருக்கவேண்டும், எழுதவேண்டும். பாதி நாள் 'சீ, யாருக்கு வேணும்' என்று எழுந்துபோய்விட்டார். இளைத்தது சோம்பலால். சோம்பலுக்கு வரைபடம் கிடையாது.

ஆனாலும் பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. அது எந்த பிரஸ்ஸிலும் அடித்ததல்ல. சிரித்துக்கொண்டார்.

5

ஞாயிறு. மன்றம் நிறைந்தது. ஆளுக்கொரு முறுக்கு, ஜெயினுலாபுதீன் அன்பளிப்பு, அவரும் முன்வரிசையில். வரைபடத்துக்குக் கைதட்டல். பிறகு வங்கியில் வேலை பார்க்கும் வசுமதி முறுக்கும் கையுமாக எழுந்தார்.

"சார், இந்த ஒண்ணுல எவ்ளோ கலோரி?"

முடிவு அ: "தெரியாது" என்கிறார். பலத்த கரகோஷம். [அடித்துவிட்டேன். மேலதிகாரி எதிரில் 'தெரியாது' என்றவருக்குக் கைதட்டி நான் பார்த்ததில்லை.]

முடிவு ஆ: பொட்டலத்தில் உள்ளதையே பெருக்கிச் சொல்கிறார், பத்து கிலோ ஏறுகிறார். [நீதிபோதனை. இதையும் அடித்துவிட்டேன்.]

முடிவு இ: மைக் பழுதாகிறது. [கோழைத்தனம். அவருடையது அல்ல, என்னுடையது.]

மைக் நன்றாகத்தான் இருக்கிறது. முன்வரிசையில் பாய் எண்ணைக் குறித்துக்கொள்ளப் பேனா மூடியைக் கழற்றிவிட்டார். பார்த்தசாரதி என்னைப் பார்க்கிறார். நான் உங்களைப் பார்க்கிறேன். நீங்கள் சொல்வதைத்தான் அவர் சொல்லப்போகிறார். கொஞ்சம் சீக்கிரம். வசுமதி மதியம் சாப்பிடாமல் வந்தவர். பதில் தெரியாமல் கடிக்கமாட்டார்.