அருவிக்கு ஒரு திகதி

ஒருவரைத் தேட வேண்டும் என்றால் அவருடைய பெயர் தெரிய வேண்டும், ஊர் தெரிய வேண்டும். எனக்கு இரண்டும் தெரியாது. கயல் என்பது இயக்கத்தில் வைத்த பெயர். தீவுப்பகுதிப் பிள்ளை என்று யாரோ சொல்லிக் கேள்வி. ஷெல் விழும்போது சிலுவை போடுவாள், ஆகவே வேதக்காரி. இடக்கைக்காரி. இவ்வளவையும் வைத்துக்கொண்டு பொய்க்காலும் நானுமாக ஒன்றரை வருடம் அலைந்தேன்.

எங்கள் படையணியில் ஊர் கேட்கக்கூடாது, சொந்தப் பெயர் சொல்லக்கூடாது. ஒருத்தி பிடிபட்டாலும் மற்றவளின் வீட்டைக் காட்டிக்கொடுக்க வழியிருக்காது. நல்ல ஏற்பாடுதான். எல்லாம் முடிந்த பிறகு உயிரோடு மிஞ்சியவர்கள் ஒருவரை ஒருவர் எப்படிக் கண்டுபிடிப்பது என்று மட்டும் ஒருவரும் யோசிக்கவில்லை. கயல், அருவி, நான் மூவரும் ஒரே செக்சன். பதினொரு மாதம் ஒரே பதுங்குகுழியில் கிடந்தோம். அருவி குறட்டை விடுவாள், கயலுக்குப் பல்லி என்றால் பயம். அதெல்லாம் எனக்குத் தெரியும். ஊர் தெரியாது.

இரண்டாயிரத்து ஒன்பது மாசியில் என் கால் போனது. என்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அதற்குப் பிறகுதான் அருவி செத்தாள். பக்கத்தில் நின்று புதைத்தது கயல் என்று இப்போது பாரிசில் இருக்கும் எங்கள் லீடர் சொன்னா. எந்த நாள் என்று அவவுக்கும் தெரியவில்லை.

அருவியின் தாய் சரோஜினிதேவி விசுவமடுவில் இருக்கிறா. காணாமல் போனவர்களைத் தேடித் தாய்மார் இருந்த போராட்டப் பந்தல் ஒன்றில் அவவின் மடியில் இருந்த படத்தைப் பார்த்துத்தான், அருவியின் பெயர் கோபிகா என்பதே எனக்குத் தெரிய வந்தது. மகள் செத்துவிட்டாள் என்பதை நான்தான் சொன்னேன். அழுது முடித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டா.

“எண்டைக்குப் பிள்ளை?”

தெரியாது என்றேன்.

“எல்லாருக்கும் சேத்து விளக்குக் கொளுத்த ஒரு நாள் இருக்கு. அது ஊருக்கு. என்ரை பிள்ளைக்கு எண்டு ஒரு நாள் வேணும். திகதி தெரியாட்டி ஐயர் எந்தத் திதியிலை படைக்கச் சொல்லுவார்?”

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் போன் எடுப்பா. “கயலைக் கண்டனியோ?” “இல்லை அம்மா.” அதோடு போனை வைப்பா. வெள்ளிக்கிழமை வந்தாலே எனக்கு எரிச்சல் வரும். அவவில் இல்லை, என்னில்தான்.

“கடலாலை போனால்தான் எங்கட வீடு” என்று கயல் ஒருநாள் வாய்தவறிச் சொல்லியிருந்தாள். அதை நம்பி நெடுந்தீவுக்கு மூன்று தரம் படகேறினேன். மூன்று தரமும் படகாட்டத்தில் சத்தி எடுத்தேன். நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு எதையும் விடவில்லை. சில இடங்களில் ஏதோ நிறுவனத்திலிருந்து படிவம் நிரப்ப வந்தவள் என்று நினைத்தார்கள். ஒரு வீட்டில் கக்கூசுக்குக் கதவு இல்லை, அடுத்த வீட்டில் கூரைத் தகரம் இல்லை, எழுதிக்கொள்ளுங்கள் என்றார்கள். மற்ற இடங்களில் என்னை சீஐடி என்று நினைத்து, நான் வாய் திறப்பதற்கு முன்பே “இஞ்சை அப்பிடி ஒருத்தரும் இல்லை” என்று படலையைச் சாத்தினார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன? நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

கடைசியில் தேடிப் போன இடத்தில் அவள் கிடைக்கவில்லை. போன மாசிக் கடைசியில் மண்டைதீவுக்கு நண்டு வாங்கப் போனேன். நான் இருப்பது வேலணையில். யாழ்ப்பாணம் போகிற ஒவ்வொரு தரமும் என் பஸ் அந்த மண்டைதீவுச் சந்தியைத் தாண்டித்தான் போகிறது. கரையில் ஐந்தாறு பெண்கள் வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியின் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. இடக்கையால் கழற்றினாள்.

“கயல்!” என்று கத்திவிட்டேன்.

தலை சட்டென்று திரும்பியது. அவள்தான். என்னைக் கண்டாள். உடனே குனிந்து நண்டைப் பார்த்தாள். மற்ற எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

என் வாயில் அடிக்க வேண்டும். நடுப்பகலில், இத்தனை பேருக்கு நடுவில், இயக்கப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் எவள் எழும்பி வருவாள்? ஆனால் என்னிடம் இருந்தது அந்தப் பெயர் ஒன்றுதானே.

“ஆரைப் பிள்ளை கூப்பிடுறீர்?” என்று கேட்டா அவளுக்குப் பக்கத்திலிருந்த வயதான அம்மா.

“இவவைத்தான். என்னோடை படிச்ச பிள்ளை மாதிரிக் கிடந்தது.”

“இவள் என்ரை மருமகள், மேரிசுகந்தி. மடுக் கோயில் மடத்திலை சிஸ்ரர்மாரோடை வளந்தவள். நீரும் அங்கையோ படிச்சனீர்?”

மேரிசுகந்தி. அவளுடைய பெயரை அவளுடைய மாமியார் சொல்லித்தான் நான் அறிய வேண்டியிருந்தது. “ஓம்” என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

“அக்கா ஆள் மாறி வந்திட்டா, மாமி” என்றாள் அவள், தலை நிமிராமல்.

என் நடையைப் பார்த்து அந்த அம்மாவுக்கு இரக்கம் வந்துவிட்டது. அல்போன்சம்மா என்று பெயர். வெயிலுக்குள் நிற்க விடாமல், ஒரு வாய் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகலாம் என்று வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனா. சுவரில் கலியாணப் படம், பக்கத்தில் இரண்டு பிள்ளைகளும் கோயிலில் முதல்நன்மை வாங்கிய படம். எனக்கு எல்லாம் விளங்கியது. சனத்தோடு சனமாக நடந்து வந்து, ஒரு முகாமிலும் பதியாமல், மடு என்று ஒரு கதையைக் கட்டி இந்த வீட்டுக்குள் வந்திருக்கிறாள். வெளியில் தெரிந்தால் விசாரணைக்காரர் படலையில் நிற்பார்கள். புருசன் வீட்டில் என்ன நடக்கும் என்பது வேறு கதை. விளங்கியும் என் கோபம் இறங்கவில்லை.

கதிரையில் இருந்துகொண்டு அல்போன்சம்மாவுக்குச் சொல்வதுபோல அவளுக்குச் சொன்னேன். “எனக்குத் தெரிஞ்ச ஒரு அம்மா இருக்கிறா. மகள் செத்த நாள் தெரியாது. அது தெரியாமல் தானும் போயிடுவன் எண்டு பயப்பிடுறா. அந்த நாள் ஒரேயொரு ஆளுக்குத்தான் தெரியும்.”

அல்போன்சம்மா “ஐயோ மாதாவே” என்றா. கயல் தேத்தண்ணியை என் முன்னால் வைத்தாள்.

“எனக்கு ஒண்டும் விளங்கேல்லை அக்கா. குடிச்சிட்டு வெளிக்கிடுங்கோ. பஸ் வரப்போகுது.”

பாவாடையைத் தூக்கிப் பொய்க்காலைக் காட்ட வேண்டும் போலிருந்தது. ரத்தம் ஓடி நான் சாகாமல் இந்தத் தொடையில் உன் சாரத்துணியைக் கிழித்துக் கட்டினவள் நீதானடி என்று அந்த வீடு கேட்கக் கத்த வேண்டும் போலிருந்தது. தேத்தண்ணியோடு சேர்த்து விழுங்கினேன். எழும்பினேன். வாசற்படியில் கால் வைத்தபோது பின்னால் அவள் குரல் கேட்டது.

“மாமி, பங்குனி பதினொண்டுப் பூசைக்குப் பாதரிட்டைப் பேர் குடுத்தாச்சோ?”

“அதுக்கு இன்னும் ரெண்டு கிழமை கிடக்கெல்லோ. இப்ப என்ன அவசரம்?” என்ற அல்போன்சம்மா என் பக்கம் திரும்பினா. “வருசா வருசம் அண்டைக்கு ஒரு பூசை குடுப்பாள் பிள்ளை. அருவி எண்டு ஒரு பிள்ளைக்கு. மடுவிலை இவளோடை ஒண்டா நிண்டதாம். பின்னேரம் பூப்பிடுங்கப் போன இடத்திலை பாம்பு கடிச்சுச் செத்ததாம், பாவம்.”

“பின்னேரம் இல்லை, மாமி. காலமை” என்றாள் கயல். “காலமை ஆறு மணி. விடிஞ்ச கையோடை.”

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவளைக் கட்டிப்பிடித்திருப்பேன்.

சந்திவரை எப்படி நடந்தேன் என்று நினைவில்லை. அன்று வெள்ளிக்கிழமை இல்லை. நானாகத்தான் போன் எடுத்தேன்.

“அம்மா, பங்குனி பதினொண்டு. காலமை ஆறு மணி, விடிஞ்ச கையோடை.”

மறுமுனையில் பென்சிலைத் தேடுகிற சத்தம். திரும்பவும் சொல்லச் சொன்னா, சொன்னேன். ஒவ்வொரு எழுத்தாக எழுதினா.

“அப்ப கயலைக் கண்டிட்டாய். என்ரை பிள்ளையை மண்ணிலை தாட்ட கையை நான் ஒருக்காப் பிடிக்க வேணும். எங்கை இருக்கிறாள், சொல்லு. நான் வாறன்.”

ஒன்றரை வருடமாக ஓம் என்று சொல்லக் காத்திருந்த கேள்வி அது.

“இல்லை அம்மா. கயலைக் காணேல்லை. ஒரு கோயில் புத்தகத்திலை திகதி எழுதிக் கிடந்தது.”

போனை வைத்த கையோடு பாரிசிலிருந்து லீடரின் செய்தி வந்து விழுந்தது. மாதத்தில் ஒருதரம் கேட்பா, கயலைப் பற்றி ஏதும் தெரிந்ததா என்று. இல்லை என்று எழுதி அனுப்பினேன். நண்டு வாங்க மறந்துவிட்டேன் என்பது பஸ்ஸில் ஏறிய பிறகுதான் நினைவுக்கு வந்தது.

திங்கட்கிழமை தோறும் தையல் சாமான் வாங்க யாழ்ப்பாணம் போகிறேன். பஸ் மண்டைதீவுச் சந்தியில் நிற்கும், ஆட்கள் இறங்குவார்கள். நான் இறங்குவதில்லை.