சர்க்கரை டப்பாவில் கீழாநெல்லி

வேங்கிக்காலில் மாறன் காலை ஐந்தரைக்கு எழுந்து பல் துலக்குகிறான், பாலை அடுப்பில் வைக்கிறான், சர்க்கரை டப்பாவில் முளைத்திருக்கும் கீழாநெல்லியை வேரோடு பிடுங்குகிறான், டீ போடுகிறான். வேரில் ஒட்டிய சர்க்கரையை டப்பாவிலேயே தட்டிவிடுவான். வீணாக்க முடியாது. செடி முளைப்பது மனைவி கவிநிலா இறந்த மறுநாள் தொடங்கியது. மூன்று வருடமாக ஒரு நாளும் தவறவில்லை.

கவிநிலாவுக்குக் கண் மஞ்சளானபோது டாக்டர் ஸ்கேன் எழுதிக் கொடுத்தார். எதிர்வீட்டுத் தசரதன் கீழாநெல்லி சொன்னார். டாக்டர் கொடுத்தது ஒரு தாள். தசரதன் வாட்ஸ்அப்பில் அனுப்பியது பதினேழு செய்தி. பதினேழு ஜெயித்தது. ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், வெறும் வயிற்றில் அரைத்த விழுது. புளி, டீ, சர்க்கரை கூடாது. நடுவில் இங்கிலீஷ் மருந்து போனால் மண்டலம் கெட்டுவிடும். ஸ்கேனை நாற்பத்தொன்பதாம் நாளுக்குத் தள்ளிவைத்தார்கள்.

"இதுல லிக்னான்னு ஒரு சத்து இருக்கும்மா. எலிக்குக் குடுத்துப் பாத்திருக்காங்க. ஈரல் புதுசாயிடுச்சாம்" என்றார் தசரதன்.

"அந்த எலி டீ குடிச்சிச்சா மாமா? டீயும் இலைதானே?"

தசரதன் சிரித்தார். கவிநிலாவின் அம்மா ரேணுகாம்பாள் சிரிக்கவில்லை. "வாய மூடிக்கினு குடிடி."

நாற்பத்தாறாம் நாள் மாலை கவிநிலா ஒன்று கேட்டாள். இன்னும் இரண்டு நாள்தானே என்று மாறன் தரவில்லை. எம்.எஸ்ஸி. படித்தவன், கழித்தல் கணக்கு நன்றாக வரும். இருட்டுவதற்குள் அவள் போய்விட்டாள்.

செடி முளைக்கும் விஷயத்தைப் பால்காரர் ஊருக்குச் சொன்னார். பௌர்ணமிக்குக் கிரிவலம் வந்தவர்கள் அப்படியே வேங்கிக்காலுக்கும் வந்தார்கள். ஆளுக்கு ஓர் இலை. முட்டிவலி போயிற்று, முடி வளர்ந்தது, ஒருவர் மகனுக்குப் பெண் அமைந்தது. குணமானவர்கள் சாட்சி சொன்னார்கள். குணமாகாதவர்கள் சாட்சி சொல்லும் நிலையில் இல்லை. தசரதன் வாசலில் பிளெக்ஸ் கட்டினார். அதில் கவிநிலா படம், அடியில் அவளுடைய கடைசி வார்த்தை என்று, 'என்னால் ஊர் நோயின்றி வாழட்டும்'. மாறன் ஏணியைப் பிடித்துக்கொண்டான்.

போன வாரம் கீழ்பென்னாத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் ரேணுகாம்பாள் வந்தாள். அவள் கண்ணும் மஞ்சளாக இருந்தது.

"ஒரு மண்டலத்துக்குச் செடி குடுங்க மாப்ள. எம்பொண்ணே மொளச்சி நிக்கிறா, வேற டாக்டரு எதுக்கு?"

மாறன் அன்றைய செடியைப் பிடுங்கி ஜன்னல் வழியே தெருவில் போட்டான். வரிசையில் நின்றவர்கள் பாய்ந்தார்கள். டீ போட்டு, மூன்று ஸ்பூன் சர்க்கரை கலக்கி, அவள் முன்னால் வைத்தான். டப்பாவை மூடும்போது உள்ளே நாளைய செடி இரண்டு இலை விட்டிருந்தது. அது பாட்டுக்கு விடட்டும்.

"குடிச்சிட்டுக் கெளம்புங்க அத்த. ஸ்கேனுக்குப் போறோம்."

"பத்தியம் கெட்டுடுமே மாப்ள. பிளெக்ஸ்ல பாருங்க, எவ்ளோ பெரிய மனசோட சொல்லிட்டுப் போயிருக்கா."

"அவ அதச் சொல்லல அத்த."

"பின்ன என்ன சொன்னா?"

அவள் சொன்னதை மாறன் அப்படியே சொன்னான்.

"மண்டலமும் வேணா, ஒண்ணும் வேணா. ஒரு டீ போட்டுக் குடுங்க. சர்க்கரை ஜாஸ்தியா."