பூமாரிக்கு நீங்க என்ன வேணும்

சூலக்கரை கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு நாள். ஒன்பது மணிக்கே வரிசை வேப்பமரம் வரை வந்துவிட்டது. மரத்தடியில் மனு எழுதுகிறவர் முன்னால் முத்துப்பேச்சி குத்தவைத்திருந்தாள். அவர் கார்பன் தாளைச் செருகிக்கொண்டே கேட்டார்.

"பிள்ளை பேரு?"

"பூமாரி. ஒம்பது வயசு. நாரணாபுரத்துல நாலாப்பு படிச்சுச்சு."

"தாயி?"

"மாரிச்செல்வி. பங்குனியில செத்துப்போச்சு. மாருல கட்டி."

"தகப்பன்?"

"ஊர்க்காவலன். வெம்பக்கோட்டைப் பக்கம். பிள்ளை கைக்குழந்தையா இருக்கும்போதே வேற ஒருத்திய சேத்துக்கிட்டான். இப்ப பதினாறாம் நாளு விசேசத்துக்கு வந்து பிள்ளைய இழுத்துட்டுப் போயிட்டான்."

"சரி. பூமாரிக்கு நீங்க என்ன வேணும்?"

முத்துப்பேச்சி அவருடைய பேனா முனையைப் பார்த்தாள்.

"அத்தையா, சித்தியா?"

"வளத்தவய்யா."

"அது உறவுமுறை இல்லம்மா." அவர் கொஞ்சம் யோசித்தார். "பக்கத்து வீட்டுக்காரர்னு போடுதேன்."

"ஒரே வீடுய்யா."

"ஒரே வீடுன்னு போட்டா, எதுக்கு ஒரே வீடுன்னு கேப்பாக. பேசாம இருங்க."

அவர் எழுதினார். அவள் பெருவிரலில் மை தடவி உருட்டினாள்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் மாரிச்செல்வி ஒரு வயசுப் பிள்ளையோடு பட்டாசுக் கம்பெனி வேலைக்கு வந்தாள். சரவெடி பின்னுகிற ஷெட்டில் முத்துப்பேச்சிக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. ஆறு மாதத்தில் இரண்டு பேரும் நாரணாபுரத்தில் ஒரு வீடு பிடித்தார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் அக்கா தங்கச்சி என்றார்கள். வீட்டுக்காரரிடமும், பள்ளிக்கூடத்திலும், கடைசியில் மதுரை ஆஸ்பத்திரி நர்சிடமும் அதையே சொன்னார்கள். உள்ளே ஒரே பாய், ஒரே தலையணை. பிள்ளை ஒருத்தியை அம்மா என்றது, இன்னொருத்தியைப் பேச்சிம்மா என்றது. வேலைக்குக் கிளம்பும்போது மாரிச்செல்வி முத்துப்பேச்சியின் கொண்டையில் பூ வைத்துவிட்டு, சரியாக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்ப்பாள்.

மாரிச்செல்வி செத்த அன்று, கூடப்பிறந்த அண்ணன்காரன் எங்கிருந்தோ வந்து காரியத்தைக் கையில் எடுத்துக்கொண்டான். முத்துப்பேச்சி அக்கம்பக்கத்துப் பெண்களோடு சுவர் ஓரமாக நின்றாள். பதினாறாம் நாள் பூமாரி நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு வர மாட்டேன் என்றபோது முத்துப்பேச்சிதான் முன்னால் போனாள். "இவ எங்களுக்கு அக்காளும் இல்ல, தங்கச்சியும் இல்ல" என்று அந்த அண்ணன் எல்லார் முன்னாலும் சொன்னான். ஊர்க்காவலன் பிள்ளையின் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தான்.

மாடியில் இருந்த அதிகாரியம்மா மனுவை ஒரு தடவை படித்தார்.

"தகப்பன் இருக்காரே?"

"இருக்கான்மா."

"பிள்ளை தகப்பன்கிட்ட இருக்குன்னு பக்கத்து வீட்டுக்காரங்க மனு குடுக்கறீங்களா?"

அவர் கேலி செய்யவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். மனுவில் முத்திரை விழுந்தது. அடுத்தவர் நாற்காலியை இழுத்தார்.

வெளியே குழாயடியில் உட்கார்ந்து அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ரேஷன் கார்டு கேட்டு வந்திருந்த சொர்ணம் தண்ணீர் பிடிக்க வந்தாள். உயரமான திருநங்கை, நாற்பது வயசிருக்கும். சொம்பை நீட்டி, என்னவென்று விசாரித்தாள். முத்துப்பேச்சி அக்கா தங்கச்சி என்றே ஆரம்பித்தாள். சொர்ணம் முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"ரெண்டு பொம்பளைக சேந்து குடும்பம் நடத்தி ஒரு பிள்ளைய வளத்திருக்கீக. அம்புட்டுதானே தாயி?"

குடும்பம் என்கிற அந்த வார்த்தையை முத்துப்பேச்சி யார் வாயிலும் கேட்டதில்லை. மாரிச்செல்வி வாயில்கூட.

"மதுரையில ஒரு எடம் இருக்கு. மூணாவது ஞாயித்துக்கிழமை கூடுவோம். நம்மள மாதிரி ஆளுகதான். பிள்ளை பெத்தவுக, வளத்தவுக, பறிகுடுத்தவுக. எனக்கே அருப்புக்கோட்டையில ஒரு மவன் இருக்கான். நான் செத்துட்டேன்னு சொல்லி வளக்காக. நீ வா."

பெரியார் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ஜெராக்ஸ் கடை. அதற்கு மேலே ஒரு அறை, ஒரு ஜமுக்காளம். முத்துப்பேச்சி போனபோது எட்டுப் பேர் இருந்தார்கள். தேனியிலிருந்து இரண்டு பெண்கள் வந்திருந்தார்கள். ஒருத்தி மடியில் சின்னப் பெண்குழந்தை தூங்கியது. சுவரில் சாய்ந்திருந்தவர் தவுபிக், விருதுநகரில் ஜவுளிக்கடையில் துணி அளந்து கிழித்துக் கொடுக்கிறவர்.

"எனக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைக. சுமைரா, தஹ்மீனா" என்றார். "எனக்கும் இன்னொரு ஆம்பளைக்கும் பழக்கம்னு தெரிஞ்சதும் எம் பொஞ்சாதி பிள்ளைகளக் கூட்டிட்டு அவுக வாப்பா வீட்டுக்குப் போயிட்டாக. அவுக மேல தப்பு இல்ல. காலையில ஸ்கூல் வேன் போற ரோட்டுல நான் நிப்பேன். சின்னவ கையக் காட்டுவா. பெரியவ பாக்க மாட்டா."

எல்லாரும் அடுத்து முத்துப்பேச்சியைப் பார்த்தார்கள்.

"நானும் மாரிச்செல்வியும்..." என்று ஆரம்பித்தாள். "நாங்க ஒண்ணாப் பொளச்சோம். பூமாரி எங்க பிள்ளை. ரெண்டு பேருக்கும் பிள்ளை."

ஒருவரும் முகத்தைத் திருப்பவில்லை. தேனிக்காரி டீ கிளாஸை அவள் பக்கம் நகர்த்தினாள். சொர்ணம் கேட்டாள்:

"அவ செத்தப்போ உன்னையக் கட்டிப்பிடிச்சு அளுதது யாரு?"

"யாருமில்ல. நான் செவுத்தோரமா நின்னேன்."

சொர்ணம் எழுந்து வந்து அவளுக்கு எதிரே உட்கார்ந்தாள். இரண்டு கையையும் அவள் தோளில் போட்டுத் தலையை அவள் தலையோடு சேர்த்தாள். இழவு வீட்டில் பெண்கள் வட்டமாகக் கட்டிக்கொள்வது போலத் தேனிக்காரிகளும் வந்து சேர்ந்தார்கள். முகம்கூடப் பார்த்திராத மாரிச்செல்வியின் பேரைச் சொல்லி அழுதார்கள். சொர்ணத்தின் கட்டைக் குரல் அறை முழுக்க ஏறியது. பங்குனியிலிருந்து நெஞ்சுக்குள் கிடந்தது முத்துப்பேச்சிக்கு அப்போதுதான் உடைந்தது. ஜெராக்ஸ் கடைக்காரர் மாடிப்படி வரை வந்து, "என்ன ஆச்சு?" என்று கேட்டார். "இவுக வீட்டுல ஒரு சாவு" என்றார் தவுபிக்.

அழுது ஓய்ந்தபிறகு, மாதாமாதம் அங்கே வருகிற வக்கீலம்மா மனுவின் நகலை வாங்கிப் பார்த்தார்.

"தகப்பன் உயிரோட இருக்கான். உங்களுக்குச் சட்டத்துல ஒரு பேரும் இல்ல பேச்சி. மொதல்ல பிள்ளை பள்ளிக்கூடம் போகுதான்னு பாத்துட்டு வாங்க. போகலேன்னா அதை வச்சு ஒரு புகார் குடுக்கலாம்."

"குடுத்தா பிள்ளைய என்கிட்ட விடுவாகளா?"

வக்கீலம்மா தாளை மடித்தார். "விட மாட்டாங்க. அரசாங்க ஹோமுக்குக் கொண்டுபோவாங்க. பாக்கிறதுக்கும் சொந்தக்காரங்களத்தான் உள்ள விடுவாங்க."

புதன்கிழமை முத்துப்பேச்சி வெம்பக்கோட்டை பஸ் ஏறினாள். சொர்ணமும் தவுபிக்கும் கூட வந்தார்கள். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வருகைப்பதிவேட்டைப் புரட்டினார். பூமாரி பேர் இருந்தது. நாலே நாள்தான் வந்திருந்தாள்.

ஊர்க்காவலனின் வீடு கண்மாய்க்கரை ஓரத்தில் இருந்தது. அவன் லோடு ஏற்றப் போயிருந்தான். சொர்ணமும் தவுபிக்கும் தெருமுனையில் நின்றுகொண்டார்கள். வாசல் பந்தலுக்குக் கீழே அவனுடைய பெண்சாதி வெள்ளைத்தாயும் பூமாரியும் வெடிக்குழாய் சுற்றிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைக்கு முடியை ஒட்ட வெட்டியிருந்தது.

பூமாரி எழுந்தாள். ஒரு எட்டு வைத்துவிட்டு வெள்ளைத்தாயைப் பார்த்தாள்.

"போ" என்றாள் வெள்ளைத்தாய். பிறகு முத்துப்பேச்சியிடம், "உக்காருங்க. தண்ணி குடிக்கீகளா?" என்று கேட்டாள்.

பூமாரி ஓடிவந்து அவள் வயிற்றில் முகத்தைப் புதைத்தாள். பசை ஒட்டிய கைகளைச் சேலையில் படாமல் இரண்டு பக்கமும் விரித்து வைத்திருந்தாள். முத்துப்பேச்சி அந்தக் கைகளை எடுத்துத் தன் இடுப்பில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"பேச்சிம்மா, கோளி குஞ்சு பொரிச்சிருச்சா?"

"ஏழு பொரிச்சிருக்கு."

"கருப்பு இருக்கா?"

"ரெண்டு இருக்கு."

முத்துப்பேச்சி தலையை நிமிர்த்தினாள். "பிள்ளைய என்கிட்ட விட்டுருங்க. நான் படிக்க வைக்கேன். அவுக அப்பன் எப்ப வேணும்னாலும் வந்து பாக்கட்டும்."

"அவரு வந்தா என்னைய வெட்டிப்போடுவாரு. எனக்கு மட்டும் ஆசையா இன்னொருத்தி பிள்ளைக்கு சோறாக்கிப் போட?" வெள்ளைத்தாய் கம்பியிலிருந்து குழாயை உருவிப் போட்டாள். குரலைத் தாழ்த்தினாள். "ரெண்டு பொம்பளைக வளத்த பிள்ளைன்னு ஊருல ஏற்கனவே பேசுதாக. திரும்ப அங்கன அனுப்புனா நாளைக்கு யாரு இவளக் கட்டுவா? நீங்களே சொல்லுங்க."

முத்துப்பேச்சி திரும்பித் தெருமுனையைப் பார்த்தாள். அங்கே சொர்ணம் வெயிலுக்கு முக்காடு போட்டு நின்றாள். சின்னப் பிள்ளைகள் கூடி அவளை வேடிக்கை பார்த்தார்கள். புகார் என்று எழுதினால் நாளைக்கே ஜீப் வரும். பிள்ளையை ஏற்றும். அதற்குப்பிறகு கோழிக்குஞ்சைப் பற்றிக் கேட்கக்கூட வாசல் இருக்காது.

"கிளம்புங்க தாயி, அவரு வார நேரம்" என்றாள் வெள்ளைத்தாய். "ஏ பிள்ள, ஒரு குரோசுக்கு நூத்தி நாப்பத்துநாலு வேணும், பாதிகூட ஆகல."

பூமாரி போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். குழாய் சுற்றப் பழைய பேப்பர்க் கட்டு வந்திருந்தது. எந்தப் பள்ளிக்கூடத்திலோ எடைக்குப் போட்ட பரீட்சைத்தாள்கள், சிவப்பு மையில் டிக் போட்டவை. அவள் ஒரு தாளை எடுத்தாள். உதடு மெல்ல அசைந்தது. விரல் ஒரு வரிக்குக் கீழே ஊர்ந்து போனது.

"படிச்சுப் படிச்சுச் சுத்துனா எப்ப முடிக்க?" என்றாள் வெள்ளைத்தாய்.

பூமாரி அந்தக் கடைசி வரியை மட்டும் வேகமாகப் படித்து முடித்தாள். கம்பியைத் தாளின் ஓரத்தில் வைத்தாள். பசையைத் தடவினாள். உள்ளங்கையால் அழுத்தி உருட்டினாள்.