ஈரத்துணி

பிழை திரும்பி வருகிறது, வாங்குவார்தான் இல்லை. தனப்பிரியா நிரலில் அந்த இடத்தை மறுபடியும் படித்தாள். கோழிப்பண்ணை விசிறிகளை ஓட்டும் பெட்டியைச் செய்கிற சேலத்துக் கம்பெனி ஒன்றில், மற்றவர் எழுதிய நிரலைச் சரிபார்ப்பது அவள் வேலை. மின்சாரம் வந்ததும் பெட்டிக்குள் முதலில் கண் விழிப்பது கர்னல் என்கிற அடிப்படை மென்பொருள். விழித்ததும் தான் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஒரு வரியைப் படித்துக்கொள்ளும். பெட்டி உறைந்துபோனால் எத்தனை நொடியில் தானே அணைந்து எழ வேண்டும் என்பதும் அதில் உண்டு. அங்கே வெறும் எண் மட்டுமே இருக்க வேண்டும். பொருத்தப் போனவர் அறுபதுக்குப் பின்னால் நொடியைக் குறிக்க ஓர் எழுத்தையும் ஒட்டியிருந்தார். எண்ணாக மாற்றப் போன நிரல் முடியவில்லை என்று ஒழுங்காகத்தான் சொல்கிறது. அதைக் கூப்பிட்டவன், அவனும் ஒரு நிரல்தான், அந்தப் பதிலைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. எல்லாம் சரி என்று மேலே சொல்லிவிட்டு நடையைக் கட்டிவிட்டான். உறைந்தால் எழுப்பிவிடும் காவலே இல்லாமல் பெட்டி பச்சை விளக்கை எரியவிட்டுக்கொண்டு ஓடியிருக்கிறது.

வெண்ணந்தூர் மயில்சாமியின் மூடிய கொட்டகையில், சித்திரை உச்சி வெயிலில் பெட்டி உறைந்தது. எழுப்ப ஆளில்லை. விசிறிகள் நின்றன. அவர் கல்யாண வீட்டில் சாப்பிட்டுத் திரும்புவதற்குள் ஒரு கோழி மிச்சமில்லை. முந்தின நாள் பெட்டியை ஈரத்துணியால் துடைத்ததாக அவரே போனில் சொன்னார், பாவம். அதைக் கேட்டதும் மானேஜர் ஈஸ்வருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஈரம் புகுந்ததுதான் காரணம் என்று கம்பெனி அறிக்கை கொடுத்துவிட்டது.

இப்போது ஈஸ்வர் தனப்பிரியாவின் திருத்தத்தைப் படித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"அந்த வரி தப்பா இருந்தா ஸ்கிரீன்ல எச்சரிக்கை வரணும்னு போட்டிருக்கீங்க. வந்தா அத்தனை பண்ணைக்காரங்களும் போன் போடுவாங்க. சீசன் முடியட்டும், பாக்கலாம்."

"சீசன்லதானுங்க சார் வெயிலு."

"பாக்கலாம்னு சொன்னேன்ல."

பார்க்க மாட்டார் என்று இருவருக்கும் தெரியும். இன்னும் எந்தெந்தக் கொட்டகையில் அந்த எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கிறதோ, பொருத்தியவர்களுக்கே நினைவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, யாரும் அனுப்பாமல், அவளே வெண்ணந்தூருக்கு பஸ் ஏறினாள். மாற்றாகக் கொடுத்திருந்த பெட்டியிலும் அதே எழுத்து. அதை மட்டும் தன் கையால் எடுத்துவிட்டாள். மயில்சாமியின் மனைவி கண்ணாத்தாள் மோர் கொண்டுவந்தாள். தனப்பிரியாவுக்குக் கையில் கொடுத்தாள், புருஷனின் டம்ளரைச் சுவரோரம் வைத்துவிட்டுப் பேசாமல் போனாள். கோழிகள் செத்த அன்றைக்கு நின்ற பேச்சுதான்.

"நீங்க தொடச்சதால இல்லீங்க," என்றாள் தனப்பிரியா. "எங்க பெட்டிலதான் தப்பு. நானே பாத்தனுங்க."

மயில்சாமி சிரித்தார். நன்றியோடுதான் சிரித்தார்.

"எம்மனசு நோவக்கூடாதுன்னு இத்தன தூரம் வந்து சொல்றீங்க அம்மிணி. நல்லா இருக்கோணும் நீங்க. ஆனாத் தொடச்சது நாந்தானுங்களே."

"நெசமாத்தானுங்க. அந்த அறிக்கை பொய்யிங்க."

"படிச்சவங்க பாத்து எழுதுனதுங்க. உடுங்க சாமி."

பெட்டி எப்படி எழுகிறது, எதைப் படிக்கிறது, எங்கே வாயை மூடிக்கொள்கிறது என்று அவள் சொல்லிப் பார்த்தாள். அவர் மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டே இருந்தார். உண்மையைச் சொன்னால் போதும் என்று வந்தவளுக்கு, அது துக்கம் விசாரிக்க வந்தவர்களின் ஆறுதலோடு சேர்ந்துவிடும் என்று தோன்றியிருக்கவில்லை.

புதுக் கோழிகள் கொக்கரித்துக்கொண்டிருந்தன. பெட்டியின் மேல் தீவனத் தூசியும் இறகுத் தூளும் அப்பிக் கிடந்தன. பச்சை விளக்கு எரிகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. அவள் துப்பட்டா நுனியால் அதைத் துடைக்கக் கை நீட்டினாள்.

"வேண்டாமுங்க."

மயில்சாமி பாய்ந்து வந்து குறுக்கே நின்றார். பெட்டியில் பட்டுவிடாமல் தன் இரண்டு கைகளையும் நெஞ்சோடு இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.