மூடும்போதும் ஒரு ஸ்தோத்திரம்

கடை திறக்கும்போது ஜெபம் வைக்கிறவர்கள் உண்டு. மூடும்போதும் ஜெபம் வைக்கிறவர், எனக்குத் தெரிந்து, என் அப்பா ஒருவர்தான். மூடுவதில் அவருக்கு அனுபவமும் அதிகம்.

முதலில் குடைக்கடை வைத்தார். அந்த வருஷம் முழுக்க வானத்துக்கும் எங்கள் குடும்பத்துக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அடுத்து ஐஸ் வியாபாரம். மின்சாரம் எப்போதாவது எட்டிப்பார்த்து நலம் விசாரித்துவிட்டுப் போகும். ஒவ்வொன்றும் படுத்தபோது அப்பா சட்டரைப் பாதி இறக்கி, எங்களை உள்ளே வரிசையாக நிறுத்தி, "இந்தக் கடையால கிடைச்ச நன்மை ஒண்ணை ஆளாளுக்குச் சொல்லுங்க" என்பார். அதற்கெல்லாம் ஆண்டவருக்கு நன்றி செலுத்தி, ஒரு பாட்டும் பாடிவிட்டுத்தான் பூட்டுவார். ஐஸ் கடையில் நான், "ஜலதோஷம் கிடைச்சுது" என்றேன். அதற்கும் ஸ்தோத்திரம் சொன்னார்.

மூன்றாவது தையல் கடை. இது ஓடியது. அப்பா படித்த தொழிலே தையல்தான். அதை எதற்கு மூன்றாவதாக வைத்தார் என்று அம்மா இன்றும் கேட்கிறாள்.

ஒரு சனிக்கிழமை காலை போய்த் திறந்தால், மாடித் தண்ணீர்த் தொட்டி உடைந்து மொத்தமும் கடைக்குள் இறங்கியிருந்தது. குடை விற்றபோது வராத தண்ணீர், விலாசம் விசாரித்து வந்து சேர்ந்துவிட்டது. மோட்டார் மெஷின்களில் மூச்சில்லை. துணிகள் சாயம் விட்டு ஒன்றோடொன்று உறவு கொண்டாடின.

மத்தியானம்வரை அள்ளி ஊற்றினோம். பிறகு அப்பா சட்டரைப் பாதி இறக்கினார். நாங்கள் பழகியவர்கள், வரிசையில் நின்றோம். அவர் மட்டும் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"ஜெபம் பண்ணலையா?" என்றாள் அம்மா.

"நீங்க பண்ணுங்க. எனக்கு ஒண்ணும் வரல. திங்கக்கிழமையிலேர்ந்து உன் தம்பி கம்பெனி கேட்ல வாட்ச்மேனா உட்கார்ந்துக்கறேன். இனிமே கடைங்கற பேச்சே எடுக்க மாட்டேன்" என்றார்.

அப்பா கடையை இழந்து பார்த்திருக்கிறோம். நன்றியை இழந்து பார்த்ததில்லை. எதற்கும் தீர்ப்பு சொல்வதால் நாங்கள் ஜட்ஜம்மா என்று கூப்பிடும் என் தங்கைக்கே தீர்ப்பு வரவில்லை.

வேறு வழியில்லாமல் நான் ஆரம்பித்தேன். கேலி பேசியே பழகிய வாய், அதில் வேறு சரக்கு கிடையாது. "ஆண்டவரே, இங்க அப்பா எனக்கு ஒரு பேன்ட் தச்சுக் கொடுத்தாரு. ஒரு கால் நீளமாப் போச்சு. காலேஜ்ல அதை ஃபேஷன்னு நெனச்சு ரெண்டு பேர் அதே மாதிரி தச்சுக்கிட்டாங்க. அதுக்கு நன்றி."

"ஐஸ் கடையில அப்பா சாப்பிடவே உட்கார மாட்டாரு. இங்க என்கூட உட்கார்ந்து சாப்பிட்டாரு. அதுக்கு நன்றி," என்றாள் ஜட்ஜம்மா.

அப்பா நிமிரவில்லை. "என்னால பாடக்கூட முடியாதுடி," என்றார் அம்மாவிடம்.

"முடியலைன்னா விடுங்க," என்றாள் அம்மா, தரையைத் துடைத்துக்கொண்டே. "ஆண்டவரைக் கல்லறையில வச்ச மறுநாள் சீஷருங்க மட்டும் பாடிக்கிட்டா இருந்தாங்க? அவங்க பாடி முடிக்கட்டும்னு காத்திருந்தா அவர் எழுந்தாரு? அவர் பாட்டுக்கு எழுந்துட்டாரு. காலைத் தூக்குங்க, அடியில ஈரம்."

அது பிரசங்கம் என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் நீட்டியிருப்பாள்.

அப்போது சட்டருக்கு அடியில் ஒரு தலை நுழைந்தது. எங்கள் வாடிக்கையாளரான பஸ் டிரைவர். தலைகுனிந்திருந்த குடும்பத்தைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார்.

"மன்னிச்சுக்குங்க. யாருங்க தவறிட்டாங்க?"

"கடைங்க," என்றாள் ஜட்ஜம்மா.

டிரைவர் மரியாதைக்குக் கொஞ்சம் இடைவெளி விட்டார். "என் கோட்டு?"

மறுநாள் அவர் மகளுக்குச் சபையில் கல்யாணம். கோட்டு அலமாரி உச்சியில் நனையாமல் தொங்கியது. ஒரு கைதான் இன்னும் வைக்கவில்லை.

"மெஷின் போச்சுங்க. வேற எங்கயாவது பாருங்க," என்றார் அப்பா.

"ஒத்தைக் கை கோட்டோட எப்படிங்க பொண்ணைக் கூட்டிட்டு உள்ள நடக்கறது?"

"பொண்ணை அந்தப் பக்கமா நிறுத்தினா மறைஞ்சிடும்," என்றேன். அம்மா முறைத்தாள்.

அப்பா சிரிக்கவில்லை. ஆனால் அவர் விரல்கள் கோட்டின் தோளைத் தடவத் தொடங்கியிருந்தன. "ஊசி எடு," என்றார்.

கையாலேயே தைத்தார். நான் கோட்டைப் பிடித்துக்கொண்டேன், தங்கை நூல் கோத்துக் கொடுத்தாள். டிரைவர் ஈரப் பெஞ்சில் உட்கார்ந்து, எழுந்து, பின்பக்கத்தைத் தொட்டுப் பார்த்து, இனி என்ன என்று மறுபடி உட்கார்ந்தார். பாதித் தையலில் அப்பா, யாருக்கோ பக்கத்தில் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார்: "கை இருக்கு ஆண்டவரே. கண்ணு இருக்கு. இதுங்களும் கூட நிக்குதுங்க. ஸ்தோத்திரம்."

அம்மா துடைப்பதை நிறுத்திவிட்டு "ஆமென்" என்றாள்.

டிரைவர் கோட்டைப் போட்டு, இல்லாத ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் ஒடித்துப் பார்த்தார். "சுகமாத் திரும்புது," என்றவர், வெளியே போகக் குனிந்தபடியே நின்றார். "யூனிபார்ம் ஒண்ணு தைக்கணும். துணியை எப்போ கொண்டாரட்டும்?"

நாங்கள் மூவரும் அப்பாவைப் பார்த்தோம்.

"துணியை நாளைக்குக் கல்யாணத்துலயே கொடுத்துடுங்க. புதன்கிழமை வந்து வாங்கிக்குங்க."

டிரைவர் தரையைப் பார்த்தார். "எந்தக் கடையிலங்க?"

"இந்தக் கடையிலதான்," என்றார் அப்பா.

தையல்காரர் சொல்லும் தேதியை உலகத்தில் ஒருவரும் நம்புவதில்லை. நாங்கள் நம்பினோம். எனக்குக் கேலி பண்ணக்கூடத் தோன்றவில்லை.