பதினெட்டு நகங்கள்

முயல் மூன்றாவது முறையும் கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டது. நாச்சம்மாள் தரையில் குப்புறப் படுத்துக் கையை நீட்டினாள். விரல் நுனியில் கொஞ்சம் மயிர் பட்டது, அவ்வளவுதான். அது சுவரோரமாக ஒதுங்கி, பின்னங்காலால் தரையில் தட்டென்று ஓர் அடி அடித்தது.

"தொரத்தாத அம்மிணி," என்றார் கட்டிலில் கிடந்த அண்ணன் கெம்பையன். "தொரத்துனா அதுக்கு பயம். சும்மா உக்காரு. அதுவா வரும்."

அவள் எழுந்து உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். அண்ணன் இன்று காலையிலிருந்து தெளிவாகப் பேசுகிறார். நேற்று முழுக்க அவளை யார் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவர், விடிந்ததும் "காப்பி போட்டியா" என்று கேட்டார். கடைசியில் இப்படி ஒரு தெளிவு வரும் என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள்.

ஈரல் கெட்டுப்போய்விட்டது, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிப் பத்து நாளாகிறது. கன்னட ஊரான மேட்டகள்ளியில் இந்த இரண்டு அறை வீட்டில் அண்ணனும் தங்கையுமாக இருபது வருஷம். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவளுக்குச் செய்துவைத்தது நிலைக்கவில்லை. பெண்கள் விடுதி ஒன்றில் காவலாளியாக இருந்த கெம்பையன், நாலு வருஷத்துக்கு முன்பு ஒருநாள் அட்டைப் பெட்டியோடு வந்து நின்றார். படிப்பு முடிந்து ஊருக்குப் போன யாரோ ஒரு பெண் விட்டுவிட்டுப் போன முயல். உட்காருகிற தோரணையைப் பார்த்து அவரே துரை என்று பெயர் வைத்தார். தீனி போடுவது, கூண்டைக் கழுவுவது, மாதம் ஒருமுறை நகம் வெட்டுவது எல்லாம் அவர்தான். நாச்சம்மாளுக்கு அதன்மேல் பிரியமும் இல்லை, வெறுப்பும் இல்லை. வீட்டில் ஒரு ஆள், அவ்வளவே.

அந்த முயல் முந்தாநாள் பழக்கதோஷத்தில் கட்டிலில் தாவி ஏறியது. இரண்டு மாதமாக வெட்டாத நகம் அவர் முன்கையில் ஒரு கோடு இழுத்துவிட்டது. ஒரு விரல் நீளம்கூட இருக்காது. ஆனால் முக்கால் மணி நேரம் ரத்தம் நிற்கவில்லை. நாச்சம்மாள் துண்டை மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டு, போனைத் தோளில் இடுக்கி நர்ஸ் மனிஷாவைக் கூப்பிட்டாள். ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து ஊசி போட்டுவிட்டுப் போகிற பெண். வந்து கட்டுப் போட்டவள், "ஆண்ட்டி, இவருக்கு ரத்தம் உறையாது. முயல இனி இவரு மேல விடாதீங்க," என்றாள். அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டு, "நகத்த நல்லா வெட்டிட்டு வேணா பக்கத்துல விடுங்க," என்று சேர்த்துச் சொன்னாள்.

அதிலிருந்து நினைவு வரும்போதெல்லாம் அவர் கேட்டது ஒன்றுதான். "தொர எங்க?"

கால்நடை டாக்டரிடம் போனில் கேட்டாள். கொண்டுவாருங்கள், ஐந்து நிமிஷ வேலை என்றார்கள். அண்ணனைத் தனியே விட்டுவிட்டு எப்படிப் போவது? ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பிவந்து கதவைத் திறப்பதை நினைத்துப் பார்த்தாள். போகவில்லை.

அண்ணன் சொன்னபடியே துரை மெல்ல வெளியே வந்து அவள் பாதத்தை முகர்ந்தது. அவள் துண்டைப் போட்டு மூடி, இரண்டு கையாலும் வாரி எடுத்தாள். துண்டுக்குள் அதன் நெஞ்சு அடித்துக்கொள்வது அவள் உள்ளங்கையில் தெரிந்தது. அடித்துக்கொண்டது அதன் நெஞ்சா தன் நெஞ்சா என்று அவளுக்கே விளங்கவில்லை.

"மல்லாத்திராத," என்றார் கெம்பையன். "பின்னங்கால் ரெண்டையும் சேத்து வயித்தோட அணைச்சுக்க. எக்குத்தப்பா ஒதச்சா முதுகெலும்பே ஒடிஞ்சிரும்."

"இதெல்லாம் எதுக்குண்ணா இப்பச் சொல்றீங்க? பயமா இருக்குது."

"தெரிஞ்சுக்கோணும்ல."

கட்டிலை ஒட்டி முக்காலியில் உட்கார்ந்து, முயலின் முதுகைத் தன் வயிற்றோடு அழுத்திக்கொண்டாள். துண்டிலிருந்து ஒரு முன்னங்காலை மட்டும் வெளியே எடுத்தாள். மயிரை விரலால் ஒதுக்கினால் ஐந்து நகம். ஒன்றுதான் வெள்ளை. அதற்குள் ரோஜா நிறத்தில் ரத்தக்குழாய் எங்கே முடிகிறது என்று கண்ணுக்கே தெரிந்தது. மற்ற நாலும் கறுப்பு. அதில் எது நகம், எது ரத்தம் என்று யாருக்குத் தெரியும்?

போன தீபாவளிக்கு அண்ணன் காய்ச்சலில் கிடந்தபோது அவள் ஒருதடவை வெட்டப் போய், கறுப்பு நகத்தை ஒரு மயிரிழை அதிகம் வெட்டிவிட்டாள். முயல் கத்தியது. முயலுக்குக் கத்தத் தெரியும் என்பதே அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. காய்ச்சலோடு எழுந்து வந்த அண்ணன், சோளமாவை வைத்து அழுத்தி ரத்தத்தை நிறுத்தினார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இன்றும் கிண்ணத்தில் சோளமாவு தயாராக இருந்தது. ஆயத்த ஆடைக் கம்பெனியில் நாளொன்றுக்கு நானூறு சட்டைக்குக் குறையாமல் நூல் பிசிறு வெட்டுகிற கை அவளுடையது. அந்தக் கை நகவெட்டியை எடுத்தது, வைத்தது, மறுபடி எடுத்தது.

"போன எடு," என்றார் கெம்பையன். "டார்ச்சப் போடு. இங்க குடு."

"உங்களால முடியாதுண்ணா."

"குடு."

அவர் ஒருக்களித்துப் படுத்து முழங்கையைத் தலையணைமேல் ஊன்றிக்கொண்டார். மஞ்சள் பூத்த கை. போனை நகத்துக்குப் பின்னால் கொண்டுபோய்ப் பிடித்தார். கறுப்பு நகத்துக்குள் வெளிச்சம் ஊடுருவியதும், நடுவில் ஒரு நிழல் மங்கலாகத் தெரிந்தது.

"தெரியுதா? அதுதான் ரத்தம். அதுக்கு இந்தப்பக்கம் அரிசி அளவு விட்டுட்டு வெட்டு. ஒரேடியா வெட்டாத. துளித் துளியா."

அவள் வெட்டினாள். டிக். முயல் அசையவில்லை. அவள் விட்ட மூச்சில் துண்டின் ஓரம் ஆடியது.

ஒவ்வொரு நகத்துக்கும் அவர் வெளிச்சத்தை நகர்த்தினார். சில சமயம் வெளிச்சம் ஆடும். அவள் காத்திருப்பாள். நிற்கும். வெட்டுவாள். முன்னங்கால் இரண்டும் முடிந்தபோது பத்து. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"மீதிய சாயந்தரம் பாத்துக்கலாமுங்களா?"

"இல்ல, முடிச்சிரு. பின்னங்காலுக்கு நாலு நாலுதான்." கொஞ்சநேரம் மூச்சுக்காக நிறுத்தினார். "கையப் பழக்கிக்க."

"எதுக்குப் பழக்கோணும்? அடுத்த மாசம் நீங்களே எந்திரிச்சு வெட்டுவீங்க."

அவர் போனை மறுபடி தூக்கிப் பிடித்தார். அவள் வேறெங்கோ பார்த்துக்கொண்டு அடுத்த காலை வெளியே எடுத்தாள்.

பின்னங்காலில் பலம் அதிகம். ஒருதரம் திமிறியது. அவள் பதறி, வெட்டியைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள். "கண்ண மூடு அதுக்கு," என்றார். துண்டை முகத்தின்மேல் இழுத்துவிட்டதும் அடங்கியது. பதினொன்று. பன்னிரண்டு. பதிமூன்று. பதினான்கு. கடைசிக் காலுக்கு வந்தபோது அவள் கை தயங்குவதை நிறுத்தியிருந்தது. தெருவில் காய்கறி வண்டிக்காரன் ஒலிபெருக்கியில் தக்காளி விலை சொல்லிக்கொண்டு போனான். அண்ணனின் மூச்சு பக்கத்தில் கரகரத்துக்கொண்டிருந்தது. பத்து நாளாகக் கேட்டுக் கேட்டு, அவள் காது அதைத் தனியாகக் கேட்பதை விட்டிருந்தது.

பதினைந்து. பதினாறு.

அடுத்த நகத்தின்மேல் மயிரை ஒதுக்கினாள். வெளிச்சம் வரவில்லை.

"அண்ணா, இன்னும் கொஞ்சம் மேல."

நிழலைத் தேடிக் குனிந்தபடியே இருந்தாள்.

"மேலண்ணா."

நிமிர்ந்து பார்த்தாள். போன் அவர் உள்ளங்கையில் சாய்ந்திருந்தது. மடங்கிய விரல்களின் ஊடே டார்ச் வெளிச்சம் செக்கச் சிவந்து தெரிந்தது. அந்தச் சிவப்பைப் பார்த்து அவள் ஒருகணம் நிம்மதியடைந்தாள். பிறகுதான் அறையில் கரகரப்பு இல்லை என்பது உறைத்தது. எப்போது நின்றது? வண்டிக்காரன் போவதற்கு முன்பா, பின்பா?

முயலை அணைத்திருந்த கையை அவள் எடுக்கவில்லை. இன்னொரு கையை அவர் மூக்கருகே கொண்டுபோனாள். வெகுநேரம் அப்படியே வைத்திருந்தாள்.

மனிஷா வந்து, நாடி பார்த்து, மார்பில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்து, அவர் கண்ணிமைகளை நன்றாக மூடிவிட்டாள். போனை அவர் விரல்களிலிருந்து மெதுவாக எடுத்து டார்ச்சை அணைத்தாள்.

"எத்தன மணிக்கு ஆச்சு ஆண்ட்டி? டாக்டருக்குச் சொல்லணும்."

நாச்சம்மாள் யோசித்தாள். கடிகாரத்தை அவள் பார்க்கவேயில்லை.

"கடைசிக் கால்ல ரெண்டாவது நகத்துக்கு லைட்டுப் புடிச்சாங்க," என்றாள். "மூணாவதுக்குப் புடிக்கல."

மனிஷா தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து எதையோ எழுதிக்கொண்டாள்.

பக்கத்து வீட்டு ரங்கம்மா வந்தாள். கட்டிலை நகர்த்தினார்கள், உடலைக் கிடத்தப் பெஞ்சு வந்தது. ஹனூரிலிருந்து சொந்தக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள், மூன்று மணிக்குள் வந்துவிடுவார்கள் என்று யாரோ சொன்னார்கள். வாசலில் நாற்காலிகள் உரசுகிற சத்தம். முன்பின் தெரியாத பெண்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கன்னடத்தில் ஏதேதோ ஆறுதல் சொன்னார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அழுகை வரவில்லை. அடுப்பில் எதையோ வைத்துவிட்டு மறந்த மாதிரி இருந்துகொண்டே இருந்தது. இரண்டுதரம் சமையலறைக்குப் போய் அடுப்பைப் பார்த்தாள். அணைந்துதான் இருந்தது.

மூன்றாவதுதரம் போனவள் அப்படியே கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள். ஆள் சத்தத்துக்குப் பயந்து துரை கூண்டின் மூலையில் சுருண்டிருந்தது. அவள் துரத்தவில்லை. கதவைத் திறந்துவிட்டுச் சும்மா உட்கார்ந்தாள். வெகுநேரம் கழித்து அது வந்தது.

துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு, வெயில் விழுகிற துவைகல்லில் போய் உட்கார்ந்தாள். அவளைத் தேடிக்கொண்டு வந்த ரங்கம்மா திகைத்து நின்றாள்.

"நாச்சம்மா, இப்ப இது தேவையா? எல்லாரும் உன்னக் கேக்கறாங்க."

"ரெண்டுதானுங்கக்கா பாக்கி."

ரங்கம்மா உள்ளே போனாள்.

நாச்சம்மாள் பின்னங்காலை வெயிலுக்கு எதிராகத் தூக்கிப் பிடித்தாள். கண் கூசியது. தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்ததில் நகத்துக்குள் அந்த நிழல் தட்டுப்பட்டது. அரிசி அளவு விட்டாள். துளி வெட்டினாள். இன்னும் துளி. துண்டு நகம் தெறித்துத் துவைகல்லுக்குப் பின்னால் எங்கோ விழுந்தது.

கடைசி நகத்தின்மேல் மயிரை ஒதுக்கியபோது வெயில் மங்கியது. கல்லும் சுவரும் கொடியில் கிடந்த அண்ணனின் சட்டையும் ஒரே சாம்பல் நிறமாயின. உள்ளேயிருந்து யாரோ அவள் பெயரைச் சொல்லி இரண்டுமுறை கூப்பிட்டார்கள். அவள் முயலை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, வெட்டியைத் திறந்தபடி பிடித்து, மேகம் நகரட்டும் என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.