இரண்டு பர்லாங் பஞ்சாயத்து

என் அம்பாசடரின் கூரைக்கு வாயிருந்தால் அழுதிருக்கும். டவுனில் ஓட்ட வேண்டுமென்றால் கூரைக்கு மஞ்சள் அடி என்றார்கள், அடித்தேன். அடுத்த ஊர்க்காரன் மஞ்சள் செல்லாது, மேலே பலகைதான் வேண்டும் என்றான். ஆணி அடித்து மாட்டினேன். மூன்றாவது ஊரில் பலகையைக் கழற்றிவிட்டுப் பின்னால் தகடு மாட்டச் சொன்னார்கள். கடைசியில் ஆணி அடித்த ஓட்டையில் மழை ஒழுகியதுதான் மிச்சம். எழுபத்து நாலில் முதலமடை ஸ்டாண்டில் டாக்சி ஓட்டிய எவனைக் கேட்டாலும் இதே ஒப்பாரிதான்.

எல்லாவற்றிலும் கொடுமை கருவேலம்பள்ளம் பஞ்சாயத்து. எங்கள் ரோட்டில் அதன் நீளமே இரண்டு பர்லாங்தான், அதாவது கால் மைல். வாய்க்கால் பாலத்தில் தொடங்கி, கள்ளுக்கடையைத் தாண்டி ஒரு மைல்கல்லில் முடிந்துவிடும். அதற்குள் வெளியூர் டாக்சி ஆளை ஏற்றிக்கொண்டு ஓட்டக்கூடாது, காலியாகப் போகலாம் என்று விதி. அதனால் நாங்களே ஒரு வழக்கம் வைத்திருந்தோம். பாலத்துக்கு முன்னால் ஆட்களை இறக்கிவிடுவோம், அவர்கள் நடப்பார்கள். நாங்கள் காலி வண்டியை ஓட்டிப்போய் மைல்கல்லருகே மறுபடி ஏற்றிக்கொள்வோம். பாலத்தருகே மூங்கில் தடுப்பைத் தூக்கிவிடும் பஞ்சாயத்துக் காவல்காரன் காளிச்சாமிக்கும் இது தெரியும். வண்டிக்குள் ஆள் இல்லையென்றால் அவனுக்குப் போதும்.

அன்றைக்கு என் வண்டியில் நாச்சம்மாளும் அவள் வீட்டுக்காரர் குப்பண்ணனும் வந்தார்கள். நாலு மைல் தள்ளி அவள் தம்பிக்குக் கல்யாணம், ஒன்பதரைக்கு முகூர்த்தம். கிணற்றுத் தண்ணீர் முறைக்காக அக்காளும் தம்பியும் இரண்டு வருடமாகப் பேசவில்லை. அவர்கள் வழக்கப்படி மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் வந்து இணைச்சீர் செய்ய வேண்டும், கூறைச் சேலையின் ஒரு முனையைத் தம்பியும் மறுமுனையை அக்காளும் பிடிக்க வேண்டும். அக்கா வராமல் மணையில் உட்கார மாட்டேன் என்று தம்பி சொல்லியனுப்பிவிட்டான். அதைக் கேட்டதும் இவளுடைய கோபமெல்லாம் எங்கே போனதோ, கூறையை நானே எடுப்பேன் என்று எடுத்துக் கூடையில் வைத்துக் கிளம்பிவிட்டாள்.

பாலத்தில் இறங்கும்போது கூடையைக் கையில் எடுத்தாள்.

"வெயில்ல எதுக்கு அம்மிணி சுமக்கறே? சீட்டுலயே இருக்கட்டும்" என்றேன். தவளை தன் வாயால் கெடும்.

அவர்கள் முன்னால் நடந்தார்கள். நான் தடுப்பருகே போனேன். காளிச்சாமி எட்டிப் பார்த்தான்.

"கூடை யாருதுங்க?"

"கல்யாணச் சாமான் காளிச்சாமியண்ணா."

"ஆளில்லாத சாமான்னா சரக்கு. டாக்சியில சரக்கு ஏத்தப்படாது, எட்டாம் விதி. செக்ரட்டரி பதினொரு மணிக்கு வருவாரு. அது வரைக்கும் வண்டியும் கூடையும் இங்கயே நிக்கோணும்."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பது இவனைப் பார்த்துத்தான் சொன்னது போலிருந்தது. வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவன் தடுப்புக்குப் பக்கத்துப் பலகையில் ஒட்டியிருந்த விதிக் காகிதத்தைக் காட்டிவிட்டு மூங்கிலைப் பிடித்தபடியே நின்றான்.

சத்தம் கேட்டு இரண்டு பேரும் திரும்பி ஓடிவந்தார்கள். குப்பண்ணன் வேட்டியை மடித்துக் கட்டினார். நாச்சம்மாள் அவரை விலக்கிவிட்டு வண்டிக்குள் ஏறிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"இப்பச் சாமானுக்கு ஆள் இருக்குதுங்களே?"

காளிச்சாமி காகிதத்தைப் பார்த்தான். "இருக்குதுங்க. சரக்கில்ல. ஆனா இப்ப நீங்க பயணி. மூணாம் விதி."

"கூடையோட எறங்கினா?"

"ஏத்தின சரக்கை எறக்கினாலும் செக்ரட்டரி வரோணும். மறுபடி எட்டுங்க."

அவன் கேலி செய்யவில்லை, நிஜமாகவே குழம்பி வியர்த்துக்கொண்டிருந்தான். மணி எட்டரை ஆகிவிட்டது. நாச்சம்மாள் கூடையைத் திறந்து அரக்குச் சேலையின் ஒரு முனையை வெளியே எடுத்தாள்.

"அண்ணா, இது கூறைங்க. நான் போய்ப் பிடிக்காம என்ற தம்பி மணையில உக்கார மாட்டான். ரெண்டு வருசம் வீம்புக்கு இருந்துபோட்டனுங்க. இன்னைக்கும் போகலீன்னா அப்புறம் எந்த மூஞ்சியோட அவன் ஊட்டுப் படி ஏறுவேன்?"

காளிச்சாமி சேலை முனையையே பார்த்தான்.

"என்ற கல்யாணத்துக்கு என்ற அக்கா வரல" என்றான். "சித்தப்பன் மகதான் பிடிச்சா." பிறகு காகிதத்தை மேலிருந்து கீழாக விரலால் தடவிப் படித்தான். என்னிடம் திரும்பினான். "பரீது, எஞ்சினை நிறுத்து."

"எதுக்கண்ணா?"

"ஆளோட ஓட்டப்படாதுன்னுதான் எழுதியிருக்குது. தள்ளப்படாதுன்னு எங்கயும் இல்ல."

மூங்கிலை மேலே தூக்கிக் கட்டினான். காக்கிச் சட்டையின் கையை மடித்துக்கொண்டு வண்டியின் பின்னால் போய்த் தோளைக் கொடுத்தான். குப்பண்ணன் ஒரு பக்கம். நான் கதவைத் திறந்து ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி மறுபக்கம். கள்ளுக்கடையில் காலையிலேயே குந்தியிருந்த நாலு பேரும் கேட்காமலே எழுந்து வந்தார்கள். உள்ளே நாச்சம்மாள் கூடையை அணைத்தபடி அம்மன் தேரில் உட்கார்ந்ததுபோல் உட்கார்ந்திருந்தாள், அழுகையும் சிரிப்புமாக. இரண்டு பர்லாங்கும் தள்ளினோம். மைல்கல்லைத் தாண்டியதும் காளிச்சாமி வண்டியின் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, "இனி மிதி!" என்றான்.

மிதித்தேன். பந்தலில் நாங்கள் இறங்கியபோது தம்பிக்காரன் மணைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டுதான் இருந்தான். பெரியவர்கள் எத்தனை சொல்லியும் உட்காரவில்லையாம். அக்காளைப் பார்த்ததும் தலைப்பாகையோடு வாசலுக்கே வந்துவிட்டான். கூறையின் இரண்டு முனையும் இரண்டு கைக்குப் போனதும்தான் எனக்கு மூச்சு வந்தது. அல்லாவே என்று தென்னை மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு வருடத்து வீம்பு தீர்ந்ததில் எனக்கென்ன பங்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் அப்படியொரு நிம்மதி எனக்குப் பிறகு வாய்க்கவில்லை.

மதியம் திரும்பும்போது தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டுமென்று குப்பண்ணன் மட்டும் கூட வந்தார். இரண்டு பேருக்கும் அசதி. மைல்கல்லில் அவரை இறக்கிவிட மறந்து, தடுப்பருகே வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

காளிச்சாமி ஜன்னலில் குனிந்தான். பின்சீட்டில் உட்கார்ந்திருந்த குப்பண்ணனை நன்றாகவே பார்த்தான்.

"தம்பி உக்காந்தானா?"

"உக்காந்தானுங்க."

"அளுதானா?"

"ரெண்டு பேரும்."

அவன் நிமிர்ந்து மூங்கிலைத் தூக்கினான். "காலி வண்டிதானே, போ" என்றான்.